இரண்டாவது பிள்ளைகள்

மாதாந்திரக் கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் எழுந்து நிற்கும்படி ஆனது ரோசிக்கு அதுதான் முதல் தடவை. ஜவ்வாது மலையில் பத்தொன்பது வருஷமாகக் கிராம சுகாதார நர்ஸாக இருக்கிறாள். தடுப்பூசி விட்டுப்போச்சு, மாத்திரை தீர்ந்துபோச்சு என்று மற்ற நர்ஸுகள் திட்டு வாங்கும்போது அவர்களுக்காக வருத்தப்பட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பாளே தவிர, அவள் பெயரைச் சொல்லி யாரும் ஒரு குறை சொன்னது கிடையாது.

புள்ளிவிவரம் பார்க்கும் கோபால்சாமி லேப்டாப்பை அவள் பக்கம் திருப்பினார். வரிசையாக ஊர்ப் பெயர்கள். சீத்தாமரத்தூர் துணை சுகாதார நிலையம் என்ற வரிக்கு மட்டும் சிவப்பு அடித்திருந்தது. அது அவளுடையது.

"இன்னாம்மா இது? போன வருஷம் உன் ஏரியாவுல பொறந்தது அறுவத்தி நாலு. ஆணு நாப்பத்தொண்ணு, பொண்ணு இருவத்தி மூணு. மத்த பொண்ணுங்கல்லாம் எங்க போச்சு?"

"பொறந்தது அவ்ளோதான் சார்."

"பொறந்தது அவ்ளோதானா, நீ எழுதினது அவ்ளோதானா? வூட்லயே பிரசவம் பாத்துட்டு, பொட்டப்புள்ளதானேன்னு பதியாம வுட்ருப்பாங்க. நீயும் மேல ஏறிப் போயி பாத்திருக்க மாட்ட."

கூட்டத்தில் யாரோ தொண்டையைச் செருமினார்கள். ரோசிக்குக் காது மடல் சுட்டது. மழையில் அட்டை கடிக்க நடந்து, பிறந்த குழந்தையின் ஈரம் காய்வதற்குள் எடை போட்டு எழுதியவள் அவள். அவளைப் பார்த்து ஒரு பெண் குழந்தையை எழுதாமல் விட்டாய் என்கிறார்.

"வூடு வூடா போய்ப் பாரு. விட்டுப்போன பொண்ணுங்களைக் கண்டுபுடிச்சி எழுதிக்கினு வா," என்றார் கோபால்சாமி.

மூன்று வாரம் அலைந்தாள். அவள் பொறுப்பில் ஏழு ஊர்கள். சீத்தாமரத்தூரும் ஊத்துக்கொல்லையும் கொட்டாவூரும் தார்ச்சாலை ஓரத்தில் இருந்தன. மற்ற நான்கும் மேலே, நடந்துதான் போக வேண்டும். மேல்பாறைக்குப் போய்வர ஒரு பகல் முழுக்கச் சரியாக இருக்கும். ஒவ்வொரு வாசலிலும் நின்று பிள்ளைகளை வெளியே கூப்பிட்டுப் பார்த்தாள். "இன்னா நர்ஸம்மா, ஆட்டுக்குட்டி எண்ற மாதிரி எண்ணிக்கினு போற?" என்று பெண்கள் சிரித்தார்கள். ஏழு ஊரிலும் பதிவேட்டில் இல்லாத குழந்தை ஒன்றுகூட இல்லை.

அதைக் கோபால்சாமியிடம் போய்ச் சொன்னபோது அவர் கோபப்படவில்லை. நிம்மதியானது போலத்தான் இருந்தது.

"அப்போ வுடு. சின்ன கணக்குல இப்படித்தான் ஏறும் எறங்கும். ஒரு காசைச் சுண்டிப் போடு, பத்துல ஏழு தலை வுழும். ஆயிரம் வாட்டி போட்டாத்தான் பாதிப் பாதி வரும். உலகம் பூரா நூறு பொண்ணு பொறந்தா நூத்தஞ்சு ஆணு பொறக்குது. அது இயற்கை. சண்டை நடந்த நாட்ல கொஞ்சம் கூடுதுன்னு எழுதறாங்க, பஞ்சத்துல கொறையுதுன்னு எழுதறாங்க. உன் மலைக்கு எவன் வந்து ஆராய்ச்சி பண்ணப் போறான்? அடுத்த வருஷம் தானா சரியாப் போயிடும்."

அவளும் அதோடு விட்டிருக்கலாம். ஆனால் ஆயிரம் வாட்டி என்று அவர் சொன்னது மனதில் நின்றுவிட்டது. ஆயிரம் பிரசவம் அவளிடம் இருந்தது. அவளுக்கு முன்னால் அங்கே வேலை பார்த்த சாந்தம்மாள் எழுதிய பதிவேடுகளும் அதே இரும்பு பீரோவில்தான் அடுக்கிக் கிடந்தன.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து வந்தவள், சேலைகூட மாற்றாமல் நிலையத்தைத் திறந்து உட்கார்ந்தாள். பழைய போலியோ முகாம் சுவரொட்டி ஒன்றைத் திருப்பிப் போட்டு, ஊர் ஊராகக் கட்டம் போட்டு, ஆணுக்கு ஒரு கோடு, பெண்ணுக்கு ஒரு கோடு இழுத்துக்கொண்டே போனாள். சாந்தம்மாள் காலத்தில் ஏழு ஊரிலும் கோடுகள் ஏறக்குறையச் சமமாக நின்றன. ஒரு வருஷம் ஆண் கூடும், மறு வருஷம் பெண் கூடும். இந்த மலையில் பெண் பிறந்தால் யாரும் முகம் சுளித்ததில்லை. பையன் வீட்டார்தான் பெண் வீட்டுக்குப் பரியப் பணம் கொடுத்துப் பெண் எடுத்தார்கள். கீழே செங்கத்தில் பெண் குழந்தை குறைகிறது என்று பயிற்சி வகுப்பில் சொல்லும்போதெல்லாம், எங்க மலையில் அது கிடையாது என்று ரோசி பெருமையாகச் சொல்லிக்கொள்வாள்.

மேலே இருந்த நான்கு ஊர்களில் இன்றைக்கும் அப்படியேதான் இருந்தது. சாலையோர மூன்று ஊர்களில்தான் ஏழு வருஷமாகப் பெண் கோடுகள் மெலிந்துகொண்டே வந்தன. தார்ச்சாலை போட்டது ஏழு வருஷத்துக்கு முன்னால்.

அப்புறம் இன்னொன்றையும் பிரித்துப் பார்த்தாள். முதல் பிரசவம், இரண்டாவது பிரசவம். முதல் பிள்ளைகள் எங்கேயும் பாதிக்குப் பாதி இருந்தன. முதல் பிள்ளை ஆணாக இருந்த வீடுகளில் இரண்டாவதும் பாதிக்குப் பாதி. முதல் பிள்ளை பெண்ணாக இருந்த வீடுகளில், இந்த மூன்று ஊர்களில் மட்டும், ஏழு வருஷத்தில் இரண்டாவதாகப் பிறந்தது ஐம்பத்திரண்டு ஆண், பதினாறு பெண்.

காசைச் சுண்டினால் அப்படி விழாது. முந்தின பிள்ளை பெண்ணா ஆணா என்று காசுக்குத் தெரியாது.

ஊத்துக்கொல்லை மாணிக்கம்மாள் சாமைக் கொல்லையில் களை எடுத்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு இரண்டு பிள்ளைகள். மூத்தது பெண், இளையது பையன், நடுவில் ஐந்து வருஷம். அந்த இடைவெளியில் அவள் ஒரு தடவை முழுகாமல் இருந்து, நாலாம் மாதம் "கலைஞ்சி போச்சு" என்று சொன்னதை ரோசியே பதிவேட்டில் எழுதியிருந்தாள். அப்போது அவளுக்கு இரும்புச்சத்து மாத்திரை கொடுத்து, ஆறுதலும் சொல்லிவிட்டு வந்தாள்.

வரப்பில் உட்கார்ந்து, சுற்றி வளைக்காமல் கேட்டாள். "மாணிக்கம்மா, அது தானா கலைஞ்சுதா?"

மாணிக்கம்மாள் களைக்கொத்தைக் கீழே வைக்கவில்லை. "இப்ப எதுக்கு அந்தப் பேச்சு?"

"யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். தெரியணும்."

"ரெண்டே போதும், ரெண்டுக்கு மேல வாணாம்னு வூட்டு வாசல்ல வந்து வந்து நின்னது யாரு? நீதானே?"

"நான்தான்."

"எங்க அம்மா ஏழு பெத்தா. அதுல பொண்ணும் வந்துச்சு, ஆணும் வந்துச்சு, யாரும் எண்ணல. நீ ரெண்டுன்னு சொல்லிட்ட. ரெண்டுல ஒண்ணு ஆம்பளப்புள்ளயா இருக்க வாணாமா? கொல்லையை யாரு ஓட்றது? முன்ன மாதிரி பரியம் குடுத்தா பொண்ணு எடுக்கறாங்க இப்ப? கீழ்நாட்டுக்காரன் மாதிரி பைக் கேக்கறான். நீ சொன்னபடி ரெண்டோட நிறுத்திக்கினேன். ஆப்ரேசனும் பண்ணிக்கினேன். உனக்கு நல்ல பேருதானே வந்துச்சு?"

குடும்ப நலத்தில் முதலிடம் என்று ரோசிக்குக் கொடுத்த கேடயம் நிலையத்துச் சுவரில் தொங்குகிறது.

"எங்க போய்ப் பாத்த?" என்று கேட்டாள் ரோசி.

மாணிக்கம்மாள் இப்போதுதான் நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் பார்வையில் இருந்தது கோபம் இல்லை, ஆச்சரியம். "நெசமாவே தெரியாதா உனக்கு? நாங்கல்லாம் உனக்குத் தெரிஞ்சுதான்னு நெனச்சிக்கினு இருக்கறோம். உன் வூட்டுக்காரரு ஜீப்லதானே எல்லாரும் போறோம்."

ரோசியின் கணவன் ஏசுராஜ் அமிர்திக்காரன். சாலை போட்ட வருஷமே ஒரு பழைய ஜீப்பை வாங்கி, செங்கத்துக்கும் மலைக்கும் ஆள் ஏற்றி ஓட்ட ஆரம்பித்தான். பஸ் ஒரு நாளைக்கு இரண்டு நடை வந்தால் அதிகம் என்பதால் மூன்று ஊருக்கும் அவன்தான் கால். பிரசவ வலி என்று ஆள் வந்தால் சாப்பிடும் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போவான். அவன் பாதிவழியில் தவறவிட்ட தாய் ஒருத்தி கிடையாது. அதற்காகவே அவனை ரோசிக்குப் பிடிக்கும்.

மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்தவனுக்குச் சோறு போட்டு, ரசத்தையும் ஊற்றிவிட்டு, எதிரே உட்கார்ந்து கேட்டாள்.

"செங்கத்துக்குப் பொம்பளைங்களை ஸ்கேன் பாக்க இட்டுக்கினு போறீங்களாமே."

அவன் ஒரு கவளம் விழுங்கினான். "போறாங்க. ஏத்திக்கினு போறேன், எறக்கி வுடறேன். வயித்துல இன்னா இருக்குதுன்னு ஜீப்புக்கு இன்னா தெரியும்?"

"ஜீப்பைக் கேக்கல. உங்களைக் கேக்கறேன்."

ரசத்தோடு சோற்றைப் பிசைந்தான். "தெரியும்," என்றான்.

"எத்தினி வருசமா?"

"மொதல்ல இருந்தே. அரிசி மில்லுக்குப் பின்னால ஒரு வூடு. மிசினைப் பையில வெச்சிக்கினு வாரா வாரம் வியாழக்கெழம வருவான். நான் உள்ள போனது கெடையாது. டீக்கடையில உக்காந்திருப்பேன்."

"வரும்போது அவங்க மொகத்தைப் பாத்தா தெரியாதா?"

"தெரியும்டி. சில பேரு அழுதுக்கினே வருவாங்க. அவங்களை ரெண்டு நாள் கழிச்சி திரும்ப இட்டுக்கினு போவேன். அதுங்க மலையில வேர் அரைச்சிக் குடிச்சி சாவறதைவிட இது மேல்னு நெனச்சேன். நான் மாட்டேன்னா இன்னொருத்தன் ஏத்திக்கினு போவான்."

"நமக்கு ரெனி ஒருத்திதானே. பொண்ணு பொறந்துச்சின்னு ஆஸ்பத்திரி பூரா சாக்லேட்டு குடுத்தீங்க."

"நம்ம ரெனி வேலூர்ல நர்ஸிங் படிக்குது. அவங்க கதை வேற," என்றான். கையைக் கழுவிக்கொண்டு வந்து வாசலில் நின்றவன், திரும்பிப் பார்க்காமலே சொன்னான். "ஒண்ணு சொல்றேன் கேட்டுக்க. ரோட்டோர ஊருங்கள்ல நூத்துக்கு நூறு ஆஸ்பத்திரிப் பிரசவம்னு கலெக்டர் கையால சர்டிபிகேட்டு வாங்கினியே, அதுவும் இந்த ஜீப்புதான்."

அடுத்த ஞாயிறு சர்ச்சில் நற்கருணை அப்பம் வாங்க எல்லோரும் எழுந்து வரிசையில் போனபோது, பாவத்தை மனதில் வைத்துக்கொண்டு அதை வாங்கக் கூடாது என்று ரோசி எழவில்லை. முழங்காலை ஒதுக்கிப் பக்கத்தில் இருந்தவர்களுக்கு வழிவிட்டாள். அதற்கடுத்த ஞாயிறும் அப்படித்தான். மூன்றாவது வாரம் திங்கட்கிழமை மாவட்ட அதிகாரிக்குக் கடிதம் எழுதினாள். சுவரொட்டியில் போட்ட கோடுகளை வெள்ளைத்தாளில் அழகாகப் பிரதி எடுத்து இணைத்தாள். அரிசி மில், பின்னால் இருக்கும் வீடு, வாரத்தில் எந்த நாள், எல்லாம் எழுதினாள். ஜீப் நம்பரை எழுதலாமா வேண்டாமா என்று வெகுநேரம் பேனாவைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அந்த நம்பர் இல்லாமல் அவர்களால் அந்த வீட்டைப் பிடிக்க முடியாது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு எழுதினாள்.

வியாழக்கிழமை அதிகாரிகளும் போலீஸும் போய்ப் பிடித்தார்கள். ஆனால் எந்த அலுவலகத்தில் யார் வாய் திறந்தார்களோ, அரிசி மில்லுக்குப் பின்னால் அந்த வீடு பூட்டிக் கிடந்தது. மிஷினும் இல்லை, ஆளும் இல்லை. பூட்டிய கதவுக்கு முன்னால் ஏசுராஜும் ஜீப்பும் அதில் இரண்டு பெண்களும்தான் இருந்தார்கள். ஒருத்தி கொட்டாவூர்க்காரி, ஐந்தாம் மாதம். இன்னொருத்தி சீத்தாமரத்தூர் சேட்டுவின் மனைவி பாஞ்சாலை. அவளுக்கு மூத்தது பெண், இரண்டாவது வயிற்றில் மூன்றரை மாதம். ஸ்டேஷனில் சாயந்திரம் வரை உட்கார வைத்துக் கேள்வி கேட்டு, பெண்களை அனுப்பிவிட்டார்கள்.

மறுநாள் பேப்பரில் ஏசுராஜின் படம் வந்தது. கருவில் இருப்பதைச் சொல்லும் கும்பலின் புரோக்கர் என்று போட்டிருந்தார்கள். மிஷின்காரனுக்குப் பெயர்கூட இல்லை. தேடி வருகிறார்கள் என்பதோடு சரி. புகார் எழுதியது அவன் மனைவியான நர்ஸ்தான் என்பதை மட்டும் மறக்காமல் போட்டிருந்தார்கள்.

இருபத்திரண்டு நாள் கழித்து ஜாமீனில் வந்தவன் மலைக்கு வரவில்லை. நேராக அமிர்தியில் தங்கை வீட்டுக்குப் போய்விட்டான். ரோசி பஸ் மாறி மாறிப் போய் அந்த வாசலில் நின்றாள். அவன் உள்ளேயிருந்து வந்து, அவளுக்கு ஒரு நாற்காலியை எடுத்துப் போட்டுவிட்டு, அவளைத் தாண்டி வெளியே நடந்தான். அவள் இருட்டுவதற்குள் பஸ் பிடிக்க வேண்டும் என்று எழும்வரை திரும்பவில்லை. ரெனி மட்டும் போனில் பேசினாள். "நீ செஞ்சது சரிதாம்மா. நான் சரின்னுதான் சொல்வேன். ஆனா அப்பாகிட்ட முன்னாடியே சொல்லி, இனிமே போவாதேன்னு தடுத்திருக்கலாம் இல்ல?" தடுத்திருந்தால் நின்றிருப்பான் என்றுதான் ரோசிக்கும் தோன்றியது.

மலை அவளுக்குக் கதவைச் சாத்தியது. சொந்தப் புருஷனையே உள்ளே தள்ளியவள் நம்மைத் தள்ள மாட்டாளா என்றார்கள். முழுகாமல் இருப்பதை ஐந்தாம் மாதம் வரை யாரும் சொல்லவில்லை. அவள் தெருவில் வருவதைப் பார்த்ததும் வயிற்றை முந்தானையால் மூடிக்கொண்டு கொல்லைப்பக்கம் போனார்கள். ஜீப் போலீஸ் ஸ்டேஷன் வாசலில் டயர் இறங்கி நின்றதால் பிரசவத்துக்குப் போகவும் வண்டி இல்லை. ஆம்புலன்ஸ் அடிவாரத்திலிருந்து ஏறி வருவதற்குள் காலம் தாண்டிவிடும். ஐப்பசி மழையில், அன்றைக்கு ஜீப்பில் பிடிபட்ட கொட்டாவூர்க்காரி வழியிலேயே பெற்று, ரத்தம் நிற்காமல் செத்துப்போனாள். பிள்ளை பிழைத்தது. ஆண் பிள்ளை. துக்கத்துக்குப் போன ரோசியை வாசலிலேயே நிறுத்தி, "போயிடு நர்ஸம்மா," என்று ஒரு கிழவர் கை கூப்பினார்.

பாஞ்சாலை மார்கழியில் பெற்றாள். வேறு வழியில்லாமல் சேட்டுதான் வந்து கூப்பிட்டான். குழந்தை நல்லபடியாக வந்தது. மூன்று கிலோ, நல்ல அழுகை. ரோசி துடைத்துத் துணியில் சுற்றி நீட்டியபோது பாஞ்சாலை பார்க்காமலே, "இன்னா?" என்றாள்.

"பொண்ணும்மா. நல்லா கீது."

பாஞ்சாலை சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். பால் கொடுக்க வைப்பதற்கு ரோசி அன்றைக்குப் பகல் முழுக்க அங்கேயே உட்கார்ந்திருக்க வேண்டியிருந்தது.

அந்த வருஷக் கணக்கில் சீத்தாமரத்தூர் வரிக்குச் சிவப்பு இல்லை. முப்பத்து மூன்று ஆண், முப்பத்தொரு பெண். "நான் சொல்லல? தானா சரியாப் போயிடும்னு," என்று கோபால்சாமி சிரித்தார். பிரசவத்தில் செத்தவர்கள் கட்டத்தில் ஒன்று என்று இருந்தது. அதற்கு மட்டும் விளக்கம் எழுதித் தரச் சொன்னார்.

அதற்கடுத்த வருஷம் தை மாதம், தடுப்பூசிப் பெட்டி வாங்கிக்கொண்டு திரும்புவதற்காக ரோசி செங்கம் பஸ் ஸ்டாண்டில் நின்றிருந்தாள். பாஞ்சாலை வந்தாள். பின்னால் சேட்டு. அவள் இடுப்பில் அந்தப் பெண் குழந்தை, ஒரு வயசு முடிந்து மூக்கொழுக. பாஞ்சாலைக்கு வயிறு லேசாக மேடிட்டிருந்தது. பதிவேட்டில் அவள் பெயர் இல்லை.

ஒளிவாள் என்று ரோசி எதிர்பார்த்தாள். அவள் நேராக அருகில் வந்தாள்.

"ஊருக்கு பஸ் எப்போ நர்ஸம்மா?"

"ரெண்டரைக்கு."

"அதுக்குள்ள வந்துடுவேன். இதைக் கொஞ்சம் புடி. அங்க தூக்கிக்கினு போனா அழுவுது." குழந்தையை ரோசியின் கையில் வைத்தாள்.

"எங்க போற பாஞ்சாலை?"

"உனக்குத் தெரியாததா? அந்த எடம் இல்ல, இது வேற. எழுதிப் போடறதா இருந்தா போடு. இது மூணாவது. இதுவும் பொண்ணா இருந்தா சேட்டு வேற கட்டிக்குவான். அவங்க அம்மா பொண்ணே பாத்து வெச்சிட்டா." சேட்டு பஸ் பலகையைப் படிப்பது போல நின்றான். "எழுதறியா?" என்று பாஞ்சாலை கேட்டாள். மிரட்டல் இல்லை அதில். நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள்.

ரோசி குழந்தையின் மூக்கைத் துடைத்துவிட்டாள். அவர்கள் ஆட்டோ ஏறினார்கள்.

குழந்தை அவள் தோளில் எச்சில் வழியத் தூங்கிப்போனது. போன் கைப்பையில் இருந்தது, மாவட்ட அதிகாரியின் நம்பரும் அதில் இருந்தது. கொட்டாவூர் வாசலில் கை கூப்பிய கிழவரை நினைத்தாள். பூட்டிய கதவை நினைத்தாள். ஒரு தடவை பையைத் திறந்தாள், பிஸ்கட் பாக்கெட்டை எடுத்துக்கொண்டு மூடினாள்.

ரெண்டேகாலுக்குப் பாஞ்சாலை திரும்பி வந்தாள். வேர்த்திருந்தாள். குழந்தையை வாங்கிக்கொண்டாள்.

"பேரு வெச்சாச்சா இதுக்கு?" என்று ரோசி கேட்டாள். "பதிவுல இன்னும் காலியா கீது."

"வூட்ல பாப்பான்னுதான் கூப்புடறோம்," என்றாள் பாஞ்சாலை. அப்புறம், அடக்கி வைத்திருந்தது உடைந்தது போல, முகமெல்லாம் மலர்ந்து சிரித்தாள். ஒன்றரை வருஷத்தில் அவள் ரோசியைப் பார்த்துச் சிரித்தது அதுதான் முதல் தடவை. "பையனாம் நர்ஸம்மா."

ரோசிக்கு நெஞ்சிலிருந்து ஒரு பெரிய பாரம் இறங்கியது. அப்பாடா, இது பொழைச்சிக்கும் என்று நினைத்தாள். நினைத்தது என்ன என்று உறைப்பதற்குள் வாய் முந்திக்கொண்டது.

"நல்லாரும்மா," என்றாள். "நாளைக்கு நிலையத்துக்கு வா, பதிஞ்சிடறேன்."

பஸ் வந்தது. பாஞ்சாலை அவளுக்கும் சேர்த்து முன்னால் ஓடி இடம் போட்டாள். மலை ஏறும் வரை பையனுக்கு வைக்கப்போகும் பெயரைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தாள். ரோசி தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டு வந்தாள்.